மீன் தொட்டியா, கம்பிக் கூண்டா, பட்டறைக் கூண்டா, வலை பீரோவா: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு ஈரத்திலும் எலிகளுக்கு எந்த வீடு?

போன சித்திரையில் சித்தி மகன் ஏற்காட்டிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, ரெண்டு வெள்ளை எலி வாங்கிட்டு வந்துட்டேன். மீன் தொட்டியிலயே வெச்சுக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரு. வெச்சுக்கட்டுமா?" அதே வாரம் எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி வந்து, வீட்டில் லவ் பேர்ட்ஸ் கூண்டு சும்மா கிடக்கிறது, எலி வளர்க்க அது போதுமா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவும்தான். ஆனால் கூண்டுக்குள் இருக்கும் எலிக்கு அது இரண்டு வேறு சீதோஷ்ணம்.

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. என் முதல் இரண்டு எலிகளைக் கண்ணாடித் தொட்டியில்தான் வைத்திருந்தேன். மூன்றாம் மாதத்தில் சின்னவள் மூச்சு விடும்போது மெல்லிசாக டிக் டிக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மூக்கைச் சுற்றிச் செம்பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. ரத்தம் என்று பயந்தேன். அது போர்பிரின் என்ற நிறமி. எலிக்கு உடம்பு சரியில்லாவிட்டாலோ, மிரட்சி கூடினாலோ கண்ணிலும் மூக்கிலும் வடியும். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு மதியம் என் உள்ளங்கையிலேயே அவள் அடங்கிப்போனாள். அன்று சாயந்தரம் தொட்டிக்குள் குனிந்து, எலியின் மூக்கு இருக்கும் உயரத்தில் என் மூக்கை வைத்துப் பார்த்தேன். கண் எரிந்தது. நிமிர்ந்து நின்றால் ஒரு வாடையும் இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் கூண்டையும் நான் குனிந்து பார்த்துத்தான் எடை போடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் எந்த எலி என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடைகளில் ஹாம்ஸ்டரும் வெள்ளெலிதான், வெள்ளைச் சுண்டெலியும் வெள்ளெலிதான். நான் சொல்வது பெரிய எலி. ஆய்வுக்கூடங்களில் வளரும் வெள்ளை எலியின் இனம். வளர்ந்தால் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை வரும், ஆண் அதற்கு மேலும் போகும். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய ஒரு முழம். இரண்டு, மூன்று வருஷம்தான் ஆயுசு. ஹாம்ஸ்டர் பெரும்பாலும் தனியாகவே இருக்கப் பிறந்தது. இது அப்படியல்ல, ஒற்றையாக வைத்தால் வாடிப்போகும். ஆகவே எந்தக் கணக்கும் இரண்டு எலியிலிருந்துதான் தொடங்கவேண்டும், அதுவும் இரண்டும் ஆணாகவோ, இரண்டும் பெண்ணாகவோ.

நான் முதலில் பார்ப்பது காற்று. எலியின் மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் மூச்சுக்குழாயில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி குட்டியிலிருந்தே குடியிருக்கும். நல்ல காற்றில் அது சும்மா கிடக்கும், அம்மோனியா கூடினால் கிளம்பிவிடும். என் சின்னவளுக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது வெப்பம். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை வால் வழியாக வெளியேற்றும். அதுவும் போதாவிட்டால் எச்சிலை மேலெல்லாம் பூசிக்கொள்ளும். 18 முதல் 26 டிகிரிக்குள் சுகமாக இருக்கும். 30 தாண்டினால் கவனிக்க வேண்டும். சேலத்தில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே வெயில் பெரிய கவலையில்லை, பனிமூட்டமும் ஈரமும்தான் கவலை.

பிறகு இடம். ஒரு எலிக்குக் குறைந்தது இரண்டு கன அடி என்பது வளர்ப்பவர்கள் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கிப் பாருங்கள். இது குறைந்தபட்சம்தான், ஜோடிக்கு நாலு கன அடி கூண்டு வாங்கினேன் என்று யாராவது சொன்னால், இன்னொரு மடங்கு கூட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

தரையைப் பலர் பார்ப்பதே இல்லை. கம்பித் தரையில் நாள் முழுக்க நிற்கும் எலிக்கு உள்ளங்கால் வீங்கிப் புண்ணாகும், ஆறவே ஆறாது. கம்பி இடைவெளி அரை இஞ்சைத் தாண்டக் கூடாது. பெரிய ஆண்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். மண்டை நுழைகிற சந்தில் எலி உடம்பையும் நுழைத்துவிடும். முன்பற்கள் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிற பிராணி இது. எதையாவது கடித்துத்தான் ஆகவேண்டும், அது கூண்டாக இருக்கக் கூடாது.

கடைசியாக, கதவைத் திறந்தால் உங்கள் இரண்டு கையும் கடைசி மூலைவரை எட்டவேண்டும். எட்டாத மூலையை நாலாம் வாரத்திலிருந்து யாரும் கழுவுவதில்லை. நானும் கழுவவில்லை.

## கண்ணாடி மீன் தொட்டி

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் பழைய தொட்டி இருக்கும், புதிதாகச் செலவில்லை. விரிப்பு வெளியே சிதறாது. எலி கடித்துக்கொண்டு வெளியேற முடியாது. மூடிக்குப் பதில் வலை போட்டுவிட்டால் பூனை, பாம்பு பயமும் இல்லை. பிள்ளைகள் நாலு பக்கமும் நின்று பார்க்கலாம்.

ஆனால் கணக்குப் போடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி மொத்தமே இரண்டு கன அடி. அது ஒரு எலிக்கான இடம். ஒரு எலியைத் தனியாக வைக்கவும் கூடாது. ஆக, பெரும்பாலான வீடுகளில் இருக்கும் தொட்டி முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. மூன்றடித் தொட்டி இருந்தாலும் காற்று மேலே மட்டும்தான் திறப்பு. அம்மோனியா கிளம்புவதோ தரையில், எலியின் மூக்கு இருக்கும் இடத்தில். தினமும் விரிப்பு மாற்றினால் சமாளிக்கலாம். இலவசத் தொட்டிக்கு இதுதான் ஒளிந்திருக்கும் செலவு: மாதாமாதம் இரண்டு மடங்கு விரிப்பு, தினமும் அரை மணி நேரம். சேலத்து வெயிலில் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டால் அது தொட்டி இல்லை, அடுப்பு.

ஒரே ஒரு சமயத்தில் நானே கண்ணாடித் தொட்டியைச் சொல்வேன். கடையிலிருந்து வந்த பெண் எலி சினையாக இருந்து, ஏற்காட்டுக் குளிரில் குட்டி போட்டால். கருக்காலம் 21 முதல் 23 நாள். குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். கம்பிச் சந்தில் நழுவாமல், ஊதல் காற்றுப் படாமல் சில வாரம் வைத்திருக்க வலைமூடி போட்ட தொட்டி நல்லது. ஐந்து வாரத்தில் குட்டிகளே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் ஆண், பெண் பிரித்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

## ரெடிமேட் கம்பிக் கூண்டு

இதில் இரண்டு ஜாதி உண்டு, கடையில் இரண்டையும் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒன்று பறவைக் கூண்டு. உயரம் இருக்கும், அகலம் இருக்காது, கதவு உள்ளங்கை அளவு, தரை கம்பி. எலி மேலே ஏறும், ஆனால் ஓடுவதற்கு இடம் வேண்டும். தெருப் பெண்ணின் கூண்டை அளந்தேன்: ஒன்றரைக்கு ஒன்றரை, உயரம் இரண்டு. நாலரை கன அடி. எண்ணிக்கையில் தேறுகிறது. கதவில் என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை, விட்டுப் பார்த்த எலி எட்டாத மேல் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவைத் தூக்கித் திறக்கும் வகை. எலி மூக்கால் ஒரே தள்ளு. பறவைக் கூண்டுதான் என்றால் கதவுக்கெல்லாம் கிளிப் போடுங்கள், தரைமேல் அட்டையோ துணியோ முழுவதும் பரப்புங்கள். ஆறு மாதம் தாங்கும், அதற்குள் பெரிதாக ஒன்றுக்குச் சேமித்துவிடுங்கள்.

மற்றொன்று சிறு விலங்குகளுக்கென்றே செய்த பல அடுக்குக் கூண்டு. பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பெயின்ட்), இரட்டைக் கதவு, கீழே ஆழமான ட்ரே, சக்கரம். ஆன்லைனில் வரும். சொல்லப்போனால் குறை அதிகமில்லை, விலைதான் குறை. வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: கம்பி இடைவெளி எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா, ட்ரே தனியாக விற்கிறார்களா, உள்ளே ஏணி, தட்டு கம்பியா, பலகையா. மெல்லிய பிளாஸ்டிக் ட்ரேயின் விளிம்பைத்தான் எலி முதலில் கடிக்கும். எனக்கு வந்த ஒன்றில் ஒரு கொக்கி உடைந்திருந்தது, மாற்றித் தரச் சொல்லி ஒன்றரை மாதம் அலைந்தேன். அதுவரை கட்டுக்கம்பியில்தான் கதவு நின்றது. வீடு மாறுபவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் சரி: நட்டு கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம்.

## பட்டறையில் செய்த கூண்டு

சேலத்தில் இருப்பவர்கள் இதை யோசிக்காமல் விடக் கூடாது. இரும்பும் வெல்டிங்கும் நம் ஊரில் தெருவுக்குத் தெரு. ரெடிமேட் பெரிய கூண்டுக்கு ஆகும் பணத்தில் அதைவிடப் பெரியதாக, நம் வீட்டு மூலைக்கு அளவெடுத்துச் செய்துகொள்ளலாம்.

அளவைச் சொன்னதும் பட்டறை அண்ணன் கேட்டார். "எலி புடிக்கறதுக்குங்களா கண்ணு?"

"இல்லைங்ணா, வளக்கறதுக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் அரை இஞ்ச் வெல்டு மெஷ் (ஒட்டிய கம்பி வலை) துண்டு ஒன்றை எடுத்துவந்து, வெட்டின ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். "அப்படின்னா இந்த ஓரமெல்லாம் மடிச்சு ஆங்கிளுக்கு உள்ளாற வெச்சுடறேன். கால்ல கிழிக்காது." நான் கேட்க மறந்ததை அவரே சொன்னார். அந்தக் கூண்டில் இன்றுவரை ஒரு எலிக்கும் கீறல் விழவில்லை.

என் அளவு: அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி, உயரம் மூன்றடி. பதினெட்டு கன அடி. நாலு எலி தாராளமாக ஓடலாம். உள்ளே ஓரடிக்கு ஒரு தட்டு, ஒரே பக்கம் வராமல் மாற்றி மாற்றி. மேல் தட்டிலிருந்து தவறினாலும் நேரே தரையில் விழாமல் அடுத்த தட்டில் விழும். முன்பக்கம் முழுவதும் இரட்டைக் கதவு. கொண்டியை உள்ளிருந்து தூக்க முடியாதபடி வெளியே போட்டது. இதெல்லாம் சரியாக வந்தது.

சரியாக வராதவற்றையும் சொல்கிறேன், நீங்கள் பட்டறைக்குப் போகும்போது கையில் இருக்கட்டும்.

முதல் கூண்டுக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை போட்டேன், மலிவு என்று. எட்டாம் மாதம் மூலையில் வெள்ளையாகப் பொடி பூத்தது, அதன் கீழே துரு. எலி பெரும்பாலும் ஒரே மூலையில் மூத்திரம் போகும். துத்தநாகப் பூச்சு அதற்குத் தாங்காது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வாடை போகவில்லை. புது ஜி.ஐ. வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துத்தநாகத் துணுக்கைக் கடித்தால் எலிக்கு விஷம் என்பதால், போடுமுன் வினிகர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இதற்கு ஒரு நாள் போனது. அடுத்ததில் இரும்பு வலைக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். கோட்டிங் முடிந்த பிறகு கீல் சரியில்லை என்று ஒரு இடத்தில் மறுபடி வெல்டு வைத்தார்கள், அந்த ஒரு இடம் மட்டும் கருகித் துருப்பிடித்தது. வெட்டுவது, ஒட்டுவது, கிரைண்டரில் பிசிறு எடுப்பது எல்லாம் முடிந்து, கதவு பூட்டிப் பார்த்த பிறகே கோட்டிங்குக்கு அனுப்புங்கள்.

ஸ்டெயின்லெஸ் வலை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் விலை பல மடங்கு. நான் கண்ட நடுவழி இது: வலை பவுடர் கோட்டிங், கீழ் ட்ரே மட்டும் ஸ்டெயின்லெஸ், விளிம்பு நாலு விரல் உயரம். மூத்திரம் வலையில் படாது, விரிப்பும் சிதறாது. உருக்காலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் தகட்டை வளைத்து மூலை ஒட்டித் தர ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. மூலையில் ஓட்டை இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. ஒரே துண்டாக வெல்டு வைத்த கூண்டு எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. மூன்று பேர் தூக்கி வந்து, மறுபடி கீழே இறக்கி, காலை வெட்டி, போல்ட் போட்டு மாட்டவேண்டியதாயிற்று. வாசற்படி, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளக்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

சொந்த வீடு, மூன்று நாலு எலி, நாலைந்து வருஷம் தொடர்ந்து வளர்க்கும் எண்ணம்: இவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே ஒரு தடவை வளர்த்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு இது அதிகம். மறுபடி விற்கவும் முடியாது.

## பழைய வலை பீரோ

பாட்டி வீடுகளில் பால், தயிர், பலகாரம் வைக்கும் வலை பீரோ ஞாபகம் இருக்கும். மரச்சட்டம், பக்கமெல்லாம் வலை, உள்ளே இரண்டு மூன்று தட்டு, எறும்பு ஏறாமல் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். பழைய சாமான் கடையில் இன்னும் கிடைக்கிறது. பார்த்தவுடன் எலி வீடாகத்தான் தோன்றும். எனக்கும் மிகவும் பிடித்தது இதுதான். அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை நான் பட்டறைக் கூண்டுக்கும் எடுத்துக்கொண்டேன். சேலத்து எறும்பு எலிச் சாப்பாட்டை விட்டுவைப்பதில்லை.

ஆனால் அப்படியே பயன்படுத்த முடியாது. அந்த வலை ஈ வராமல் இருக்கப் போட்டது, பல்லுக்குத் தாங்காது. பிரித்துவிட்டு அரை இஞ்ச் வெல்டு மெஷ் உள்பக்கமாக அடிக்கவேண்டும். மரச்சட்டத்தின் உள் விளிம்பெல்லாம் மெஷ் மறைக்கவேண்டும். தட்டுப் பலகை மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும், ஆகவே பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கை அடித்து, நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகே எலியை விடவேண்டும்.

பெரிய பயம் பெயின்ட். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாட்டி காலத்துப் பச்சை பெயின்ட் அதற்கு எவ்வளவோ முந்தையது. எலி அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும். சுரண்டி எடுக்கலாம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சிலும் பிள்ளைகள் மூச்சிலும் போகும். பெயின்ட் அடித்த பீரோவை விட்டுவிடுங்கள். வெறும் தேக்கோ, வார்னிஷ் மட்டும் அடித்ததோ கிடைத்தால் எடுங்கள். உள்ளே எப்போதாவது அந்துருண்டை போட்டிருந்தார்களா என்றும் கேளுங்கள். அந்த வாடை மரத்திலிருந்து போகவே போகாது, எலிக்கு ஆகவும் ஆகாது.

மரவேலை தெரிந்தவர் வீட்டில் இருந்து, இருப்பது சேலத்தின் வறண்ட காற்றாக இருந்தால் வலை பீரோ அருமை. கட்டை கனம் வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஏற்காட்டுக்கு வேண்டாம். மழைக்காலத்தில் கதவு உப்பித் திறக்காது, பலகை பூஞ்சை பிடிக்கும்.

## பிளாஸ்டிக் டப்பா

பெரிய சாமான் டப்பாவில் இரண்டு பக்கமும் மூடியும் வெட்டி வலை வைப்பது. நிரந்தர வீடாக நான் ஒப்பமாட்டேன். ஆனால் எப்படியும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். புது எலி வந்தால் இரண்டு வாரம் தனியே வைக்க, நோயாளியைப் பிரிக்க, கூண்டு கழுவும்போது மாற்ற, மருத்துவரிடம் தூக்கிப்போக. எலி பார்க்கும் மருத்துவர் பக்கத்துத் தெருவில் கிடைப்பதில்லை. தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகுமுன் எலி பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகத் தாங்கும் டப்பா தேவைப்படும் நாள் கட்டாயம் வரும்.

## ஒரே பார்வையில்

| | காற்று | சேலத்துக் கோடை | ஏற்காட்டு ஈரம் | பல் தாங்குமா | ஒளிந்த செலவு |
|---|---|---|---|---|---|
| மீன் தொட்டி | மோசம் | வைக்கவே கூடாது | குட்டிகளுக்கு மட்டும் | தாங்கும் | தினசரி விரிப்பு |
| பறவைக் கூண்டு | நல்லது | சரி | துணி போர்த்தவேண்டும் | கதவுதான் பலவீனம் | ஆறு மாதத்தில் மாற்றவேண்டும் |
| பல அடுக்குக் கூண்டு | நல்லது | நல்லது | நல்லது | ட்ரே விளிம்பு பலவீனம் | உதிரி பாகம் |
| பட்டறைக் கூண்டு | மிக நல்லது | மிக நல்லது | கோட்டிங் சரியாக இருந்தால் | தாங்கும் | கோட்டிங், தூக்கு கூலி |
| வலை பீரோ | நல்லது | நல்லது | வேண்டாம் | மெஷ் மறைத்தால் தாங்கும் | வார்னிஷ், மரவேலை |

## விரிப்பு எது

எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்து விரிப்புச் செலவு கூண்டு விலையைத் தாண்டிவிட்டது. அதனால் இதையும் கூண்டோடு சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

மரம் அறுக்கும் மில்லில் தூள் சும்மா கிடைக்கும், எடுக்காதீர்கள். என்ன மரம் என்று தெரியாது, தூசி நுரையீரலுக்குள் போகும். பைன், சிடார் சீவல்களில் இருக்கும் ஃபீனால் என்ற ரசாயனம் மூச்சையும் ஈரலையும் பாதிக்கும். பாக்கெட்டில் வந்தாலும் பெயரைப் படித்துப் பாருங்கள். உமி குத்தும், தூசியும் கூட. வைக்கோலில் பேன் வரும், ஏற்காட்டில் பூஞ்சையும் வரும். காகிதத்தில் செய்த விரிப்பு நல்லது, ஆனால் விலை. செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்துப் போடலாம். வாடையை உறிஞ்சாது, அதனால் தினமும் மாற்றவேண்டும். நான் தட்டுகளுக்குப் பழைய பருத்தி வேட்டியும் லுங்கியும், ட்ரேக்கு மட்டும் காகித விரிப்பும் வைக்கிறேன். நூல் பிரிந்த துணி மட்டும் வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும்.

மூத்திர மூலையில் ஒரு சின்னத் தட்டு வைத்து, அதில் உள்ளங்கை அகலம் வழவழப்பான கூழாங்கல் ஒன்று போடுங்கள். கல்லின் மேல் போய் மூத்திரம் போவது எலிகளுக்குப் பிடித்த பழக்கம். கல்லை மட்டும் தினமும் கழுவினால் பாதி வாடை குறையும்.

## வெயிலும் பனியும்

சேலத்தில் நான் சொல்வது பட்டறைக் கூண்டு. பணமோ வீடோ இடம் கொடுக்காவிட்டால் பல அடுக்கு ரெடிமேட். கூண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பாதி முடிவு. மொட்டை மாடிக்குக் கீழ் அறை வேண்டாம். கீழ் வீட்டில், வெயில் படாத சுவரோரம். வெள்ளை எலியின் சிவப்புக் கண்ணில் நிறமி இல்லை, பிரகாசமான வெளிச்சம் விழித்திரையையே கெடுக்கும். பூஜை அறைப் பக்கம் வைத்தால் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் நெஞ்சைக் கரிக்கும், கொசுவர்த்தியும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் விசைத்தறி ஓடுகிறது. சத்தத்தின் கீச்சு 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் நமக்குக் கேட்காது. எலி 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். தறிச் சுவரை ஒட்டி வைத்திருந்த இரண்டு வாரமும் எலிகள் வெளியே வரவே இல்லை. எதிர்ச் சுவருக்கு மாற்றிய இரண்டாம் நாள் கையில் வந்து உட்கார்ந்தன.

கோடைக்கு நான் நம்புவது மண் சட்டியை. சின்னச் சட்டி ஒன்றின் விளிம்பில் எலி நுழையும் அளவு உடைத்து, உடைந்த ஓரத்தை அரத்தால் தேய்த்து, பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஈரம் உலர உலர உள்ளே குளிரும். கரண்ட் போன ஒரு சித்திரை மதியத்தில் நாலு எலியும் அந்த ஒரே சட்டிக்குள் வாலை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தன. சட்டியில் கைவைத்தால் சில்லென்றிருந்தது. பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. கூண்டின் ஒரு பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிடலாம், எதிர்ப்பக்கம் காற்றுக்குத் திறந்திருந்தால் மட்டும். எலி மல்லாந்தோ வாய் ஒழுகியோ கிடந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாதாரணத் தண்ணீரில் துணி நனைத்து வாலையும் பாதத்தையும் ஒற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஏற்காட்டில் இதையெல்லாம் செய்தால் எலிக்குச் சளிதான் பிடிக்கும். காற்றே ஈரமாக இருக்கிற இடத்தில் மண் சட்டி உலராது. சித்தி மகனுக்கு நான் சொன்னது பல அடுக்கு ரெடிமேட், பவுடர் கோட்டிங் போட்டது. பின்னாலும் இரண்டு பக்கமும் கெட்டித் துணி, முன்பக்கம் திறந்தே. ஐப்பசி, கார்த்திகையில் துணி விரிப்பை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றவேண்டும், காயவைக்கவும் இரட்டைச் செட் வேண்டும். கூண்டுக் காலைத் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி வைக்கச் சொன்னேன். அங்கே தோட்டத்து எலி வீட்டுக்குள் வரும், அதைத் தேடிச் சாரையும் வரும். காட்டு எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நம் எலிக்கும் தொற்றும், நமக்கும் தொற்றும். சிந்திய சாப்பாட்டை ராத்திரி விடாமல் கூட்டிவிட வேண்டும். கடிக்கக் கொய்யாக் கிளையும் கொட்டாங்கச்சியும் போதும். காப்பித் தோட்டம் வாசலிலேயே இருந்தாலும் காப்பிப் பழம், இலை எதையும் கூண்டுக்குள் போடக் கூடாது, காஃபின் எலிக்கு விஷம்.

அவன் தொட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. மண்ணும் காய்ந்த சருகும் நிரப்பி, எலிகள் சாயந்தரம் தோண்டி விளையாட வைத்துக்கொண்டான். புதுக் கூண்டில் விட்ட முதல் ராத்திரி மணி பதினொன்றுக்குப் போன் வந்தது. "அக்கா, ரெண்டும் மேல் தட்டுல துணித் தொட்டில்ல படுத்திருக்குதுங்க. எங்க சித்தப்பா லுங்கில தெச்சது."

மூக்கை வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன்க்கா. லுங்கி வாசனைதான் வருது."